முனையத்தின் கோளாறுகள்

வங்கிக் கணக்குகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் தாங்கி நிற்கும் கணிப்பொறிகளைப் பேணுவோர், பெரும்பாலும் அவற்றின் அருகே அமர்ந்திருப்பதில்லை. வேறோர் ஊரிலிருந்து, ஒரு திரையில் எழுத்துக்களைத் தட்டிக் கட்டளையிடுகின்றனர். விடையும் எழுத்தாகவே வந்து சேர்கின்றது. இவ்வுரையாடலை நடத்தித் தரும் மென்பொருளுக்கு 'டெர்மினல் எமுலேட்டர்' என்று பெயர். தமிழில் முனையப் போலி எனலாம். போலி என்றவுடன் இழிவாகக் கருதவேண்டுவதில்லை. அறம் என்பது அறன் என்று நின்றும் பொருள் கெடுவதில்லை அன்றோ? அதனையே நம் இலக்கணத்தார் போலி என்றனர். அவ்வாறே, ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்று வேலையைக் கெடாமல் நடத்துவதே இம்மென்பொருளின் தொழில்.

எதன் இடத்தில் இது நிற்கின்றது? 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் வி.டி.100 என்னும் முனையத்தை வெளியிட்டது. வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் கொண்ட திரையும், ஒரு விசைப்பலகையும் அதன் உறுப்புகள். அப்பொறி விற்பனையிலிருந்து மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் அதன் மொழி மறையவில்லை. இன்றைய மென்பொருள், தானே அத்தகைய பொறி என்று காட்டிக்கொள்கின்றது. தொலைவிலுள்ள கணிப்பொறி அதனை நம்பி நடக்கின்றது. இந்த நம்பிக்கையில் எங்கேனும் பிசகு நேரின், அதையே நாம் கோளாறு என்கிறோம். ஆகவே, பொறி பழுதாயிற்று என்று முடிவு கட்டுமுன், இரு முனைகளும் எதில் உடன்படவில்லை என்று கேட்பதே முதல் வேலை.

அடிக்கடி நேர்வது திரை உறைந்து போதல். எதைத் தட்டினாலும் அசைவில்லை. பல வேளைகளில் இதற்குக் காரணம், கண்ட்ரோல் விசையோடு 'எஸ்' விசையைக் கை தவறி அழுத்தியதேயாகும். 'சற்றுப் பொறு, மேலும் அனுப்பாதே' என்பது பழைய தட்டச்சு முனையங்களின் காலத்திலிருந்து அதன் பொருள். கண்ட்ரோலுடன் 'கியூ' அழுத்தினால் திரை உயிர் பெறும். இதில் ஓர் அபாயமும் உண்டு. விடை தெரிவதுதான் நின்றதேயொழிய, நாம் தட்டுவன அனைத்தும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். பதற்றத்தில் ஒரு கோப்பை அழிக்கும் கட்டளையை மும்முறை இட்டவர், அது மும்முறையும் நிறைவேறியதைப் பின்னரே காண்பார். ஆதலின் திரை உறைந்தால் முதலில் கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, பின்னழி விசையை அழுத்த, எழுத்து அழியாமல் வேண்டாத குறிகள் தோன்றுவது. அழிப்பதற்கு இரு எண்கள் வழக்கில் உள்ளன: 8 ஒன்று, 127 மற்றொன்று. துளையிட்ட காகித நாடாவில் தவறான எழுத்தின் மேல் ஏழு துளைகளையும் இட்டு மறைப்பது பழைய முறை. ஏழும் துளையானால் வரும் எண்ணே 127. நம் மென்பொருள் ஓர் எண்ணை அனுப்ப, அப்பக்கம் மற்றதை எதிர்பார்த்தால் இக்குழப்பம் எழும். மென்பொருளின் விசைப்பலகை அமைப்பில் எண்ணை மாற்றினால் தீரும்.

எழுத்தல்லாத கோப்பொன்றைத் திரையில் திறந்துவிட்டால், அதன்பின் எழுத்துக்களெல்லாம் கோடுகளாக மாறுவதுண்டு. கோப்பினுள் இருந்த ஏதோ ஒரு குறியை, 'கோடு வரையும் எழுத்துக்களுக்கு மாறுக' என்ற ஆணையாக முனையம் கொண்டுவிட்டது. 'ரீசெட்' என்னும் கட்டளையைத் தட்டி நுழைவு விசையை அழுத்துக. தட்டுவது கண்ணுக்குத் தெரியாவிடினும் கட்டளை பலிக்கும்.

தமிழர்க்கு நெருங்கிய கோளாறு ஒன்றுண்டு. தமிழ் இருக்கவேண்டிய இடத்தில், தலையில் கோடிட்ட ஆங்கில எழுத்தும், வட்டத்துள் 'ஆர்' இட்ட வணிகக் குறியும் மாறி மாறி வருவதைக் கண்டிருப்பீர்கள். 1992-ஆம் ஆண்டில் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகின்றது. 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறிகள், பதினைந்து பைட்டுகள். பெறும் மென்பொருள் பழைய ஐரோப்பிய முறையில் பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படித்தால் இவ்வலங்கோலம் விளையும். இரு முனையிலும் யு.டி.எஃப்.-8 என்று குறிப்பதே மருந்து. அதன்பின்னும் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஒரே அளவான கட்டங்களில் எழுத்துக்கு ஒரு கட்டமாக அமைந்த திரை, நம் உயிர்மெய்க்கு இடமளிக்கக் கற்காததே காரணம். அதற்கு அமைப்பை மாற்றுவது போதாது. மென்பொருளையே மாற்றிப் பார்க்கவேண்டும்.

சற்று நேரம் சும்மா இருந்தால் தொடர்பு அறுந்துவிடுகின்றது என்பது மற்றொரு முறையீடு. இடையிலுள்ள ரௌட்டர், பேச்சற்ற தொடர்பை முடிந்துபோனதாகக் கருதித் தன் பட்டியலினின்று நீக்கிவிடுகின்றது. நிமிடத்துக்கொரு முறை சிறு செய்தி அனுப்புமாறு மென்பொருளில் அமைத்தால் தொடர்பு நிலைக்கும். ஆயினும் மின்சாரம் போவதை யார் தடுப்பார்? தொடர்பு அறும்போது அங்கே நடந்துகொண்டிருந்த வேலையும் பொதுவாக நின்றுவிடும். பல மணி நேர வேலையைத் தொடங்குவோர், 'ஸ்கிரீன்' அல்லது 'டிமக்ஸ்' என்னும் நிரலினுள் தொடங்குவாராக. தொடர்பு போனாலும் வேலை நடக்கும். மீண்டும் வந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

இறுதியாக ஒன்று. 1995-இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் கடவுச்சொற்கள் களவுபோயின. அங்கிருந்த டாட்டு யூலொனென், அதற்கு மாற்றாக எஸ்.எஸ்.எச். என்னும் மறைமொழித் தொடர்பை வகுத்தார். தொலைப்பொறியின் சாவியடையாளத்தை முதல் முறை குறித்துக்கொண்டு, பின்னொரு நாள் அது மாறியிருந்தால் இம்முறை உரக்க எச்சரிக்கும். பொறியைப் புதிதாக நிறுவியிருக்கலாம். இடையே ஒருவன் அப்பொறியைப்போல நடித்துக்கொண்டும் இருக்கலாம். திரையைப் பார்த்து இவ்விரண்டையும் வேறு பிரித்தறிய இயலாது. பலர் இதனையும் ஒரு தொல்லையாக எண்ணி, பழைய குறிப்பை அழித்துவிட்டு உள்ளே செல்கின்றனர். அங்ஙனம் செய்யலாகாது. பொறியைப் பேணுவோரைத் தொலைபேசியில் அழைத்து, புதிய அடையாளத்தை ஒப்பிட்டபின்னரே கடவுச்சொல்லைத் தருக.

முன்னே கூறியவை நாம் திருத்தவேண்டிய கோளாறுகள். இவ்வெச்சரிக்கையோ நாம் செவி சாய்க்கவேண்டிய சொல். இரண்டையும் வேறுபடுத்தி அறிபவரிடமே பிறருடைய பதிவேடுகளும் கணக்குகளும் பாதுகாப்பாக இருக்கும்.