ஆளுநரின் கையொப்பமும் சபையின் சம்மதமும்

வட மாகாண ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. 1987 நவம்பரில் நிறைவேறிய, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அந்தப் பதவிக்கு ஐந்து ஆண்டுக் காலம் வகுத்தது. ஆனால் ஜனாதிபதி விரும்பும் வரைதான் ஆளுநர் அந்தக் கதிரையில் இருக்கலாம். அமெரிக்காவில் ஆளுநரை மாநில மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். அதனால் அங்கே மாநிலம் வாஷிங்டனை எதிர்த்து வழக்காடும். மத்திய அரசின் சட்டத்தை நிறைவேற்றும் வேலைக்குத் தன் உத்தியோகத்தரைக் கொடுக்கவும் மறுக்கும். 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதிசெய்தது. இலங்கையில் ஆளுநர் கொழும்பின் பிரதிநிதி. மத்திய அரசின் கொள்கையை எதிர்க்கும் உரிமை இங்கே மக்கள் தெரிவு செய்த மாகாண சபைக்கே உண்டு.

அந்த உரிமையின் உயிர்நிலை அரசியலமைப்பின் ஒரேயொரு ஏற்பாட்டில் இருக்கிறது. மாகாண நிரலில் உள்ள ஒரு விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் இயற்ற விரும்பினால், சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பி அபிப்பிராயம் கேட்க வேண்டும். எல்லாச் சபைகளும் உடன்பட்டால் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு சபை மறுத்தாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவைப்படும்.

2012இல் இது சோதனைக்கு வந்தது. சமுர்த்தி அதிகாரசபை உட்படச் சில நிறுவனங்களை ஒன்றாக்கி, பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் கொண்டுவர முனைந்தது ‘வாழ்வின் எழுச்சி’ எனப்பட்ட திவிநெகும சட்டமூலம். கிராம அபிவிருத்தி மாகாணத்துக்குரிய விடயம். ஆகவே சட்டமூலம் சபைகளுக்குப் போகவேண்டும் என்றது உயர் நீதிமன்றம். எட்டுச் சபைகள் சம்மதித்தன. வடக்கிலோ அன்று சபையே இல்லை. ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரலான ஆளுநர் ஜீ.ஏ. சந்திரசிறி, இல்லாத சபைக்குப் பதிலாகத் தாமே சம்மதம் தெரிவித்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர் மாவை சேனாதிராசா நீதிமன்றம் சென்றார். தெரிவு செய்யப்பட்ட சபையின் சம்மதத்தை ஆளுநர் தரமுடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வடக்கின் அரசியல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான தீர்ப்பு அரிது: ஆளுநரின் கையொப்பம் மக்களின் சம்மதம் ஆகாது. ஆனாலும் அரசிடம் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தது. 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. தீர்ப்பு வழங்கிய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க அதே மாதத்தில் குற்றப் பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார்.

2013 செப்டம்பர் 21இல் வடக்கு தன் முதலாவது சபையைத் தெரிவு செய்தது. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தன, சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். தேர்தல் முடிந்து ஐந்தாம் நாளே, அரச காணி மீதான அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது என்ற தீர்ப்பு வந்தது. கைதடியில் கூடிய சபைக்கு வேறு தடைகளும் இருந்தன. பணச் செலவு சம்பந்தப்பட்ட நியதிச்சட்டத்தை, அதாவது மாகாண சபை இயற்றும் சட்டத்தை, ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் சபையில் முன்வைக்கவே முடியாது. காணி அனுமதிப்பத்திரத்துக்காக ஒரு தென்மராட்சி விவசாயி ஏறி இறங்கும் பிரதேச செயலகமும் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியின் கைக்குப் போய்விட்டது. அவர் வாக்களித்த மாகாண அமைச்சரால் அந்த மேசையில் கிடக்கும் கோப்பை நகர்த்த முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் சபையிடம் சில வழிகள் மிஞ்சியிருந்தன. ஆளுநர் ஒரு நியதிச்சட்டத்தைத் திருப்பி அனுப்பினால் சபை அதை மீண்டும் நிறைவேற்றலாம். அதன்பின் ஆளுநர் சம்மதிக்க வேண்டும், அல்லது ஜனாதிபதி மூலம் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அரசியலமைப்புக்கு முரணில்லை என்று நீதிமன்றம் சொன்னால் அவர் கையொப்பமிட்டே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் ஆளுநர் ஆர்.என். ரவி சட்டமூலங்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்ததையும், அதற்கு எதிராக 2025இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். சட்டவலு இல்லாவிட்டாலும் தீர்மானம் நிறைவேற்றுவதும் ஒரு வழி. தமிழர்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று 2015 பெப்ரவரி 10இல் சபை நிறைவேற்றிய தீர்மானம் உலகின் காதில் விழுந்தது. மக்கள் தெரிவு செய்த சபை சொன்னதால் அதற்கு அந்தக் கனம் வந்தது.

2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் அமைச்சர் வாரியம் இல்லாத ஆளுநரிடம் போனது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிய சட்டம் புதிய எல்லை நிர்ணயத்தை வேண்டியது. அந்த எல்லை நிர்ணய அறிக்கைக்குப் பாராளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. எதிராக 139 விழுந்தன. அந்த அறிக்கையை மீளாய்வு செய்ய நியமிக்கப்பட்ட குழுவும் வேலையை முடிக்கவில்லை. பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை. தேர்தல் நடுவில் சிக்கிக்கொண்டது.

2018இல் பாடசாலைப் பிள்ளைகளாக இருந்தவர்கள் பலர் இன்று பட்டதாரிகளாக இருக்கிறார்கள். மாகாண சபைக்கு ஒருமுறைகூட வாக்களிக்காத தலைமுறை இது. பழைய விகிதாசார முறையில் தேர்தலை நடத்த ஒரு சிறிய திருத்தச் சட்டம் போதும். அதற்குப் பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையே தேவை.