மகாதமனியும் ஒரு தையல் இயந்திரமும்

பழைய சைக்கிள் டியூப் நைந்த இடத்தில் புடைப்பதுபோல், வயிற்றில் ஓடும் மகாதமனி புடைப்பதும், ஆண்களுக்கு அது 5.5 சென்டிமீட்டரை எட்டினால் சிகிச்சை அவசியமாவதும் நீங்கள் முன்பே கேட்ட சங்கதிகள். பத்து காஜாவில் என்னிடம் வரும் முதியவர்கள், அதிலும் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்தவர்கள், "வயித்தக் கிழிக்காம தொடை வழியா வைக்கிறாங்களாமே, அதுக்கே எழுதிக் கொடுங்க ஐயா" என்கிறார்களே, அந்த மோகத்தைப் பற்றித்தான் எனக்குச் சிறிது மனத்தாங்கல்.

கவட்டுத் தமனி வழியே மடித்த உறையைச் செலுத்தி உள்ளே விரியவைக்கும் அம்முறையை நான் இகழவில்லை. 1987-இல் கார்கிவ் நகரத்து வொலோடோஸ் நெஞ்சுப் பகுதியிலும், 1990-இல் புவனோஸ் ஐரிஸில் பரோடி வயிற்றிலும் செய்துகாட்டியது அபாரமான காரியம். பிரிட்டனில் நடந்த பெரிய ஆராய்ச்சியில் முதல் 30 நாளில் மாண்டவர்கள், உறை வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 1.7, வயிற்றைத் திறந்து தைத்துக்கொண்டவர்களில் 4.7. ஆயினும் 2016-இல் வெளியான அதன் நீண்டகால முடிவில், எட்டாண்டுகளுக்கு அப்பால் நிலைமை தலைகீழானது: உறையைச் சுற்றி ரத்தம் கசிந்து, பழைய வீக்கமே வெடித்து இறந்தவர்கள் உண்டு. எட்டாண்டுகளுக்கு அப்பால் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

திறந்து தைக்கும் முறையில் என் பக்தியெல்லாம் மைக்கேல் டிபேக்கியிடம். தாயாரிடம் தையல் கற்ற அந்த ஹூஸ்டன் அறுவை சிகிச்சை நிபுணர், கடையில் நைலான் தீர்ந்துபோனதால் டாக்ரான் துணியை வாங்கிவந்து, மனைவியின் தையல் இயந்திரத்திலேயே செயற்கைக் குழாய் தைத்தார். 1950-களில் அது மனித உடலில் ஏறியது. நான் பயிற்சி பெற்ற காலத்தில், அந்தத் துணி கசியாதிருக்க நோயாளியின் சொந்த ரத்தத்திலேயே அதை ஊறவைத்து உறையவைப்போம். மகாதமனியை இடுக்கியால் பிடித்து, புடைத்த பையைத் திறந்து, முதுகுப் பக்கமிருந்து பீறிடும் சிறு தமனிகளை ஒவ்வொன்றாகத் தைத்து அடக்கி, துணிக்குழாயைப் பின்சுவரில் தைக்கத் தொடங்கி இருபுறமும் சுற்றிவந்து முன்னால் முடிச்சிட வேண்டும். ஊசியின் வளைவுக்கேற்ப மணிக்கட்டு திரும்பாவிடில் நைந்த சுவர் கிழிந்துவிடும். மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிட்டு இடுக்கியை மெல்ல மெல்லத் தளர்த்தும்போது, சட்டென்று தளர்த்தினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடுமாதலால், எங்கள் பெரிய டாக்டர் வாய்க்குள் முருகனைக் கூப்பிடுவார். நானும் அதே வழக்கத்துக்கு வந்துவிட்டேன்.

டிபேக்கிக்கே 97-ஆம் வயதில் நெஞ்சுக்குள் மகாதமனியின் உட்சுவர் கிழிந்தபோது, 2006-இல் அவருடைய சீடர்கள் திறந்து துணிக்குழாய்தான் தைத்தார்கள். அதன்பின் இரண்டாண்டு வாழ்ந்தார். எண்பதைக் கடந்து இருதயமும் நுரையீரலும் தளர்ந்தவருக்கு உறைதான் உசிதம் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அறுபதில் திடமாக இருப்பவர் தழும்புக்கு அஞ்சி அதைக் கேட்பதுதான் எனக்குச் சம்மதமில்லை.

உறை வைத்துக்கொண்டோர் ஆயுள் முழுவதும் ஸ்கேன் பார்த்துவர வேண்டும். ஆயுள் முழுவதும்! தோட்டத்துப் பெரியவர் ஒருவர் முதலாண்டோடு நின்றுவிட்டார். கேட்டால், "நோவே இல்லையே ஐயா, ஈப்போவுக்குப் போகப் பிள்ளை லீவு போடணும்" என்றார். கசிவு வலிக்காது, நேயர்களே. இதைக் கேட்கும் பிள்ளைகள், அப்பாவின் ஸ்கேன் அட்டையை எடுத்து அடுத்த தேதி எது என்று இன்றே பாருங்கள்.