அரசர் யார் வீட்டுக்கு வந்தார்?

(திண்டுக்கல்லில் மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

 

சிறுகதை ஒன்றைப் படித்து வருமாறும், அதுபற்றிக் கலந்துரையாடுதற்குரிய வினாக்களைத் தாமே எழுதிக் கொணருமாறும் மாணவர்கட்குக் கூறப்பெற்றிருந்தது. வினா எழுதுவது ஆசிரியர் வேலை, விடை எழுதுவதே மாணவர் வேலை என்று பழகிப்போன நாட்டில் இது தலைகீழான முறையாகத் தோன்றலாம். ஆயினும் வந்து குவிந்திருக்கும் தாள்களைப் பார்க்குங்கால், தலைகீழாக இருந்தது பழைய முறையே என்று கூறத் தோன்றுகிறது. 'கதையின் கருப்பொருள் யாது? நான்கு வரிகளில் வரைக' என்று ஓரிருவர் எழுதியிருப்பதும் உண்மை. பழக்கம் அவ்வளவு எளிதில் விடாது, அவற்றை ஒதுக்கிவிடலாம். மற்றவை நெஞ்சைத் தொடுவன; சில, நெஞ்சைச் சுடுவன.

கதை, கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923-இல் பிறந்து, 1970-இல் 46-ஆம் அகவையிலேயே மறைந்தவர் அவர். 'அன்பளிப்பு' என்னும் கதைத் தொகுப்புக்காக 1970-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசில் அவர் மறைந்த பின்னரே அவர் பெயருக்கு வந்தது. கரிசல் மண்ணின் ஏழைக் குடில்களைத் தெருவில் நின்று பார்த்து எழுதியவரல்லர். உள்ளே இருந்து அறிந்தவர்.

கதையைப் படியாதோர்க்காகச் சுருக்கம். தீபாவளிக்கு முந்திய நாள். செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவன், தன் சட்டையையும் தன் வீட்டுப் பொருள்களையும் சொல்லிச் சொல்லி ஏழைப் பிள்ளைகளோடு போட்டியிடுகிறான். அவன் தமக்கையை மணந்தவர் 'ராஜா' எனப்படும் பெருநிலக் குடியினர். அவர் விருந்துக்கு வருகிறார் என்பது அவ்வீட்டின் பெருமை. ஏழைப் பிள்ளைகளின் வீட்டுக்கோ, எச்சில் இலையைத் தேடி உண்ணும் சிறுவன் ஒருவன் வந்து சேர்கிறான். உடம்பெல்லாம் சிரங்கு; தாயும் தந்தையும் இல்லை. தாயம்மாள் தன் மக்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் கையாலேயே அவனையும் குளிப்பாட்டுகிறாள். தன் பிள்ளைகட்குப் புதுத்துணி இருக்கிறது, அவனுக்கு இல்லை. கணவனுக்கென்று வைத்திருந்த புதுத்துண்டை அவனுக்கு உடுத்தக் கொடுக்கிறாள். அச்சிறுவனின் பெயரும் ராஜா. மகள் மங்கம்மாள் போய், செல்வர் வீட்டுப் பிள்ளையிடம், தம் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதை அறிவிக்கிறாள். அவ்வளவே கதை.

முதல் தாளில் உள்ள வினா இந்த அவைக்கே உரியது. 'தனித்தமிழ் பேணும் நாம், தலைப்பிலேயே வடசொல்லைத் தாங்கிய கதையை ஏன் படிக்க வேண்டும்? அரசர் வந்திருக்கிறார் என்று திருத்தினால் என்ன?' என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். இதனைச் சிரித்துத் தள்ளுவோர் உண்டு, அது முறையன்று. தூய சொல்லில் பற்றுக் கொண்ட இளைஞர்க்கு எழவேண்டிய வினாவே அது.

திருத்திப் பார்க்கலாம். செல்வர் வீட்டு மருமகனுக்கு 'அரசர்' என்னும் சொல் பொருந்திவிடும். குப்பைமேட்டுச் சிறுவனுக்கோ அது பெயர். பெற்றவர் இட்டுப்போன பெயர். அவனிடம் எஞ்சியிருக்கும் ஒரே உடைமையும் அதுவே. பெயரை மாற்றினால், இல்லாதவனிடமிருந்து இருப்பதையும் பறித்ததாகும். அன்றியும், அச்சொல் அயற்சொல்லாக இருப்பதே ஒரு செய்தியைச் சொல்கிறது. வேந்தன், கோ, மன்னன், அரசன் என்று இத்தனை சொற்கள் தமிழில் இருக்க, பெருநிலக்காரர்கள் 'ராஜா' என்னும் பட்டத்தையே விரும்பிச் சூடிக்கொண்டனர்; ஏழைத் தாயும் தந்தையும் அந்த மினுக்கில் மயங்கித் தம் பிள்ளைக்கும் அதையே இட்டனர். மொழியில் நேர்ந்த அடிமைத்தனமும் குமுகாயத்தில் நேர்ந்த அடிமைத்தனமும் ஒரே பெயரில் குடியிருக்கின்றன. அதைத் துடைத்து எழுதினால் கதை தூய்மையாகலாம், உண்மை போய்விடும். தூய தமிழில் புதிதாக எழுதுவது கடமை. பிறர் எழுதிய கதைமாந்தரின் பெயரைத் திருத்துவது கடமையன்று.

இதே தலைப்பைப் பற்றி மாணவி ஒருவர் எழுதியிருப்பது இன்னும் கூர்மையானது. 'வந்திருக்கிறான் என்னாமல் வந்திருக்கிறார் என்று தலைப்பிட்டது ஏன்? அந்த மதிப்பு யாருக்கு?' என்பது அவர் வினா. இங்கே இலக்கணம் துணைக்கு வருகிறது. ஒருவரைப் பன்மையாற் கூறுவது, உலக வழக்கில் எழுந்த உயர்சொல்லேயன்றி இலக்கணத்தின் நேர்நெறி அன்று என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்திற் காட்டும் கருத்து. அதாவது, 'ஆர்' என்னும் ஈறு எவருடனும் பிறந்ததன்று, மக்கள் கொடுப்பது. கொடுத்தவர்கள் பொருளுக்கும் பதவிக்கும் கொடுத்துப் பழகிவிட்டனர். உண்டிச்சாலையில் தட்டுக் கழுவும் சிறுவனுக்கு அது கிடைப்பதில்லை. அவனுக்குப் பெயரே கிடைப்பதில்லை. 'டேய்' என்பதே அவனுக்கு முன்னிலைச் சொல். கதை தொடங்கும்போது 'வந்திருக்கிறார்' என்பது சீர்மிகு மருமகனுக்குரியது. முடியும்போது அது யாருக்குரியது என்பதில் படிப்போர் நெஞ்சம் தடுமாறுகிறது. அழகிரிசாமி ஓரிடத்திலும் முழக்கமிடவில்லை. ஓர் ஈற்றை இடம் மாற்றி வைத்தார்.

'மங்கம்மாள் அதைக் கிண்டலாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா?' இவ்வினாவைப் பலர் எழுதியுள்ளனர். கிண்டல் என்போர், சிறுமியின் வாயில் பெரியவரின் அறிவை வைக்கின்றனர். அவளுக்கு இரட்டைப் பொருள் தெரியாது. தங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறான். அவன் பெயர் ராஜா. போட்டியில் இந்தமுறை தாங்கள் தோற்கவில்லை. அவள் மகிழ்ச்சி அவ்வளவே. நெஞ்சு கனப்பது படிக்கும் பெரியவர்க்குத்தான்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது, கதையில் வரும் போட்டி விளையாட்டு. வறுமையில் பிறந்த குழந்தைக்கு வறுமை என்றால் இன்னதென்று தெரியாது. கூழ் உண்போர் நடுவில் கூழ் உண்பது இயல்பு. அடுத்தவன் தன் சட்டையைத் தொட்டுக் காட்டும்போதுதான், தன் சட்டையின் கிழிசல் தெரிகிறது. விழா நாளும் அவ்வாறே. ஒருவர், 'தீபாவளிக்குப் பதில் பொங்கலை வைத்து எழுதியிருக்கலாகாதா?' என்று கேட்டுள்ளார். பொங்கல் தமிழர் திருநாள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதைக்கு வேண்டியது, ஊரெல்லாம் ஒரே நாளில் புதுத்துணி உடுத்தியாக வேண்டும் என்னும் நெருக்கடி. அந்த நெருக்கடியை அக்காலத்து ஏழைத் தாய்மார் மேல் ஏற்றியது தீபாவளியே. அவ்விழாவின் தோற்றம்பற்றி ஆராய வேறு மேடை உண்டு.

இனித் திண்டுக்கல் மண்ணில் பிறந்தோர்க்கே தோன்றக்கூடிய வினா ஒன்று. 'போர்வை கொடுத்த பேகனும் துண்டு கொடுத்த தாயம்மாளும் ஒன்றாவரா?' எழுதியவர் பழனிப் பக்கத்தவராக இருக்கலாம். ஆவியர் குடியிற் பிறந்த வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்ட பொதினியே இற்றைப் பழனி. குளிரால் அகவியதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான் என்று சிறுபாணாற்றுப்படை அவனைக் கடையெழு வள்ளல்களுள் வைத்துப் போற்றுகிறது. மயில் போர்வை போர்த்துக்கொள்ளாது என்பது அவனுக்குத் தெரியாததன்று. பயன் கருதாத அந்த ஈகைக்குக் 'கொடைமடம்' என்றே பெயரிட்டுச் சான்றோர் சிறப்பித்தனர். அதனைக் குறை கூறுவார் யாருமிலர்.

ஆனால், பேகனுக்கு இன்னொரு போர்வை இருந்தது. தாயம்மாளுக்கு இன்னொரு துண்டு இல்லை. அவள் தயங்குகிறாள், அத்தயக்கத்தை அழகிரிசாமி மறைக்கவில்லை. ஒருபுறம் கணவன், மறுபுறம் யாரோ பெற்ற பிள்ளை. பேகன் தயங்கவில்லை, தயங்க வேண்டிய நிலை அவனுக்கு இல்லை. தயங்கிக் கொடுத்தவளின் கொடை சிறிதா, தயங்காது கொடுத்தவனின் கொடை சிறிதா என்பதை மாணவர்கள் தம்முள் வாதிடட்டும். கடையெழு வள்ளல் வரிசையில் பெண் ஒருவரேனும் இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம்.

புறநானூற்றில், பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய 164-ஆம் பாட்டு, குழந்தையின் பசியைக் காட்டும் பாட்டு. சமைக்காமல் ஆம்பி பூத்த அடுப்பு, பாலற்ற முலையைச் சுவைத்து அழும் குழவி, நீர் நிறைந்த தாயின் கண் என்று அது வளர்கிறது. குழந்தையின் வறுமையைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. வேறுபாடு ஒன்றே. அங்கே, பாடியவர் அரசனிடம் போய் நின்றார். இங்கே 'அரசனே' பசியோடு வந்து ஏழைவீட்டு வாயிலில் நிற்கிறான்.

அடுத்த தாள் சினத்தோடு எழுதப்பெற்றது; எழுத்தின் அழுத்தத்தில் தாள் கிழிந்திருக்கிறது. 'ஒரு துண்டால் வறுமை தீருமா? இரக்கத்தைக் காட்டி ஏழ்மையை மறக்கச் செய்யும் கதை அன்றோ இது?' மெய்யாகவே தீராது. அத்துண்டு ஒரு மழைக்காலம் தாங்கினால் மிகுதி. ஆதலின், துண்டுக்குப் பின் என்ன நடந்தது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அக்கதைக் காலத்தை ஒட்டியே, 1948-இல் சென்னை மாகாணத்தில் பெருநில ஒழிப்புச் சட்டம் வந்தது. பாளையங்களின் சீமையாக இருந்த திண்டுக்கல்லுக்கும் அதன் பொருள் நன்கு தெரியும். ஆளும் உரிமை ஒழிந்தது. 'ராஜா' என்னும் விளி உடனே ஒழிந்துவிடவில்லை. 1956-இல், அழகிரிசாமியின் ஊருக்குத் தொலைவிலில்லாத எட்டயபுரத்தில் காமராசர் பள்ளிப் பிள்ளைகட்கு நண்பகல் உணவைத் தொடங்கி வைத்தார். 1982-இல் ம.கோ.இரா. ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலையுணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகட்குச் சென்றது. எச்சில் இலையைத் தேடிய சிறுவன் இன்று பள்ளியில் இருந்தால், அவனுக்கென ஒரு தட்டு உண்டு. இது இரக்கம் தந்ததன்று. உரிமை என்று கேட்டும் கொடுத்தும் வந்தது. தாயம்மாள் தனியொருத்தியாய்ச் செய்ததை அரசு ஊர்தோறும் செய்வதற்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

'பள்ளியில் இருந்தால்' என்னும் சொற்களை மாணவர்கள் கவனித்திருப்பர். குழந்தைத் தொழில் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. 14 அகவைக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று 2016-இல் அது திருத்தப்பெற்றது. ஆனால், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என ஒரு விலக்கும் அதிலேயே இருக்கிறது. விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிக்கும் நிலக்கோட்டைத் தோட்டங்களும், தறியோசை கேட்கும் சின்னாளப்பட்டி வீடுகளும் சூழ்ந்த இச்சமவெளியில், உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது? அதை அளப்பவர் யார்? இவ்விரு வினாக்களும் தாள்களில் இல்லை, சேர்த்துக்கொள்ளலாம்.

மங்கம்மாள் வளர்ந்தால் என்ன ஆவாள் என்றும் ஒருவர் கேட்டுள்ளார். அவள் இம்மாவட்டத்தில் பிறந்து பதினைந்து பதினாறு அகவை எய்தியிருந்தால், நூற்பாலை முகவர் அவள் வீட்டுத் திண்ணைக்கும் வந்திருக்கக்கூடும். மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி உழைத்தால், முடிவில் மணச்செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களைச் சேர்த்த முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். மங்கலமான பெயர்தான். திண்டுக்கல், திருப்பூர், கோவைப் பகுதிகளில் அம்முறையால் படிப்பை இழந்த பெண்கள் பலர். இடையில் நோயுற்று வெளியேறினால் அத்தொகை கைக்கு வாராமற்போனதும் உண்டு. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவைக் காட்ட அழகிரிசாமிக்கு ஒரு 'ராஜா' போதுமாக இருந்தது. இங்கே இன்னொரு சொல்லும் கிடைக்கிறது.

ஆகவே, சினந்து எழுதிய மாணவர் பிழை செய்யவில்லை. ஆனால், தீர்வு சொல்லவில்லை என்று கதைமேல் வழக்குத் தொடுப்பதற்குமுன் ஒன்று எண்ணுக. திட்டம் வகுப்போர்க்கு அச்சிறுவன் ஓர் எண். அவன் சிரங்குமேல் சுடுநீர் பட்டால் எப்படித் துடிப்பான் என்பது எந்தப் பட்டியலிலும் வாராது. அதை அறியாமல் வகுக்கும் திட்டத்தில் தட்டு இருக்கும். தட்டை நீட்டும் கையில் 'டேய்' என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். திட்டமும் வேண்டும், தாயம்மாளின் கையும் வேண்டும். ஒன்றிருந்தால் மற்றது வேண்டா என்பார் கூற்று இங்கே எடுபடாது.

கடைசித் தாள் ஒன்று இருக்கிறது. இரண்டே வரி. 'விழா முடிந்த மறுநாள் காலை அந்தப் பையன் எங்கே போனான்? தாயம்மாள் அவனை இருக்கச் சொன்னாளா?' கதை மறுநாளைக் காட்டவில்லை. துண்டை உடுத்திய சிறுவனையும், பெருமை பொங்க ஓடிய சிறுமியையும் அப்படியே நிறுத்திவிட்டு முடிந்துவிடுகிறது. இருக்கச் சொல்லியிருந்தால் நாளைக்கு அடுப்பில் என்ன வைப்பது என்னும் கணக்கு அவளுக்கு உண்டு. போகச் சொல்லியிருந்தால், மங்கம்மாளிடம் என்ன சொல்வது என்னும் கணக்கும் உண்டு.

தாளில் பெயர் எழுதப்படவில்லை. எழுதியவர் அவையில் எங்கோ இருக்கிறார். விருப்பமிருந்தால் அவரே முதலில் எழுந்து தம் எண்ணத்தைக் கூறலாம். ஒலிவாங்கி பின்வரிசைக்கு வருகிறது.