தாழ் சேராத கதவு



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஸ்ரீரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பல இல்லங்களில் எழும் முறையீடு ஒன்றுண்டு. கதவு சாத்துகிறது, தாழ் மட்டும் சேரவில்லை என்பதே அது. சிலர் இதனை அற்ப விஷயமென்று விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் உடனே இழைப்புளியை எடுக்கின்றனர். இரண்டும் தகாது. இரவில் முதியோரும் குழந்தைகளும் மட்டும் தனித்திருக்கும் வீட்டுக்கும், வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் சேவைக்காக விடியுமுன் குடும்பத்தோடு புறப்படுவோர் வீட்டுக்கும் அந்தத் தாழே காவல்.

காரணம் அறிந்த பின்னரே கருவியைத் தொட வேண்டும். காரணங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, ஈரம். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. வடகிழக்குப் பருவமழையில் காற்றின் ஈரத்தை மரம் உறிஞ்சுகிறது. அப்போது அதன் நீளம் ஏறக்குறைய மாறுவதில்லை, அகலமே பெருக்கிறது.

இரண்டாவது, தொய்வு. மேற்கீலின் திருகாணிகள் தளர்ந்தால் கதவின் தாழ்ப்புறம் கீழே இறங்கும். குடுமியில் சுழலும் பழைய கதவுகளில் கீழ்க்குடுமி தேய்ந்தாலும் இதுவே விளையும்.

மூன்றாவது, நிலை சாய்தல். சுவரின் அடியில் மழைநீர் தேங்கி மண் இளகினால் இது நேரும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சோதிக்கும் வழி எளிது. தாழ்ப்பாளின் முனையில் விளக்குக்கரியைத் தடவிக் கதவைச் சாத்தித் தாழைத் தள்ளுங்கள். நாதாங்கித் துளைக்குக் கீழே கரி பட்டிருந்து, நிலையும் நேராக இருந்தால் கதவு தொய்ந்துள்ளது. கரி துளையின் மட்டத்திலேயே இருந்தும் கதவின் விளிம்பு நிலையில் உராய்ந்து நின்றால் ஈரமே காரணம்.

தொய்ந்த கதவுக்குக் கீழே ஆப்பு வைத்து உயர்த்திக்கொண்டு, தளர்ந்த திருகாணியைக் கழற்றி, அத்துளையில் பசை தோய்த்த மூங்கிற் சிம்புகளை அடித்து, மட்டமாக அறுத்து, மீண்டும் திருகுங்கள். குடுமி தேய்ந்திருந்தால் கதவைத் தூக்கிக் குழியில் ஓர் இரும்பு வில்லையை இடச் செய்யுங்கள். நிலை சற்றே சாய்ந்திருந்தால் நாதாங்கியை இடம் மாற்றி அடித்தாற் போதும். சுவரிலும் வெடிப்புக் கண்டால் கொத்தனாரை அழைப்பதே முறை.

ஈரத்தால் பெருத்த கதவை மழைக்காலத்தில் இழைக்காதீர்கள். அப்போது இழைத்தால் பங்குனி வெயிலில் மரம் சுருங்கி, விளிம்பில் விரல் நுழையும் சந்து உண்டாகும். தாழ் நாதாங்கியை எட்டாமலும் போகலாம். உராயும் இடத்தில் மெழுகைத் தேய்த்துச் சில வாரம் பொறுங்கள். தை, மாசியில் மரம் உலர்ந்த பின்னும் உராய்ந்தால் மாத்திரம் சிறிதளவு இழைக்கலாம்.

பிறகு கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மறவாது வர்ணம் பூசுங்கள். பலகையின் வெட்டுமுனைகள் வழியாகவே ஈரம் மிகுதியாக ஏறுகிறது. கண்ணுக்குப் படாத அவ்விடங்களையே பெரும்பாலோர் பூசாமல் விடுகின்றனர்.

இவற்றுள் பெரும்பாலானவை வீட்டாரே செய்யத்தக்கவை. இன்றிரவு உறங்குமுன் உங்கள் வாசற்கதவை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன்.