பட்ட மரமும் பச்சைக் கோடும்

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்குக் கூப்பிட்டால் அவர் நீரிழிவு பற்றித்தான் பேசவேண்டும் என்பது எழுதாத சட்டம். இம்முறை செயற்குழுவினர் என் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்லும்படி கேட்டுவிட்டார்கள். நான் பிரித்தானியாவில் பொன்சாய் வளர்க்கிறேன். அதிலும் எனக்குப் பிடித்த வேலை, அடிமரத்தில் பட்டுப்போன பகுதியை மின்கருவியால் செதுக்குவது. அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்காத வேலையும் அதுதான்.

பொன்சாய் என்றதும் விதை போட்டுச் சட்டியில் குறுக்கி வளர்த்த மரம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெயர் பெற்ற மரங்களில் பல, மலையிலும் காட்டிலும் காற்றோடும் பனியோடும் போராடி முறுகி வளர்ந்தபின் வேரோடு எடுக்கப்பட்டவை. யப்பானியர் இவற்றை யமடோரி என்பார்கள். ஷிக்கோக்குத் தீவின் இஷிசுச்சி மலையிலும், இத்தொயிகாவாப் பகுதியின் செங்குத்துப் பாறைகளிலும் வளர்ந்த ஷிம்பக்கு என்ற ஜூனிப்பருக்காக ஆட்கள் கயிற்றில் தொங்கி இறங்கினார்கள். விழுந்து இறந்தவர்களும் உண்டு. இன்று அந்த மலைகளில் பழைய மரம் காண்பது அருமை. அழகை நேசித்தவர்களே அதைத் துடைத்தெடுத்தார்கள் என்பதை இந்தக் கலையைப் புகழ்பவர்கள் அதிகம் சொல்வதில்லை.

பிரித்தானியாவில் நிலச் சொந்தக்காரரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு மரம் கிடைப்பது பெரும்பாலும் பழைய வீட்டு வேலிகளிலிருந்துதான். யூ என்ற மரத்தை அங்கே வேலியாக நடுவார்கள். வீட்டுக்காரர் வேலியை அகற்றும்போது கேட்டு வாங்கலாம். வரும்போது அது தொடையளவு பருத்த ஒரு கட்டை. உச்சி சங்கிலி வாளால் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அந்தத் தட்டை வெட்டு, மனிதக் கை பட்டதைக் காலமெல்லாம் காட்டிக்கொண்டே நிற்கும். மின்னல் விழுந்து பிளந்ததுபோல, பனி முறித்ததுபோல அதை மாற்றுவதற்குத்தான் செதுக்கல். பட்ட கிளையை ஜின் என்றும், அடிமரத்தில் பட்டை உரிந்து வெளுத்த பகுதியை ஷாரி என்றும் சொல்வார்கள்.

இவ்வளவு குடைந்தால் மரம் சாகாதா என்று கேட்பீர்கள். நடுவில் பெரும் பொந்து விழுந்த புளியமரம் வருடாவருடம் காய்ப்பதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்கள் ஊர்த் தச்சர்கள் மரத்தை வைரம், வெளிறு என்று பிரித்துச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் வைரம் மரத்தைத் தாங்குகிறது. தண்ணீர் ஏறுவது வெளியே உள்ள வெளிறில். அதற்கும் வெளியே, பட்டையின் உட்புறமாக, இலை சமைத்த உணவு கீழே இறங்குகிறது. ஆகவே உயிர் ஓடுவது மெல்லிய வெளிவளையத்தில்தான். பழைய ஜூனிப்பரிலும் யூவிலும் அந்த வளையம்கூட முழுதாக இராது. ஒரு வேரிலிருந்து ஒரு கிளைக்கு ஒரு பட்டி போல ஏறும். அந்தப் பட்டியைக் குறுக்கே அறுத்தால் மேலே உள்ள கிளை போய்விடும்.

இன்னுமொன்று. நம் தோல் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, சங்கிலி வாளால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து இதை விளக்கினார். மரம் காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் மறித்து, புதிதாய் வளர்ந்து அதை மூடிக்கொள்கிறது. பழுதான இழையைத் திருத்துவதில்லை. இதை வாசித்த அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எங்கள் நோயாளிகளுக்கு அப்படி ஒரு சுவர் இருந்தால் எவ்வளவு நல்லது!

மின்கருவியைத் துணிந்து இந்தக் கலைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் 1940இல் பிறந்த மசஹிக்கோ கிமுரா. 1923 நிலநடுக்கத்துக்குப்பின் தோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த வளர்ப்பாளர்கள் 1925இல் உருவாக்கிய ஓமியா பொன்சாய்க் கிராமத்தில் தொழில் பழகியவர். மரபை மீறுகிறார் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் உளி தவறினால் ஒரு சிராய் போகும். நிமிடத்துக்கு 25,000 தடவை சுற்றும் கிறைண்டர் தவறினால், கண் இமைப்பதற்குள் உயிர்க்கோடே போய்விடும். வேகம் கூடக் கூட, எங்கே நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை சுண்ணக்கட்டியால். ஒவ்வொரு கிளையிலிருந்தும் கீழ்நோக்கிப் பட்டையின் புடைப்பைத் தடவிக்கொண்டு போய், சந்தேகமான இடத்தில் நகத்தளவு சுரண்டிப் பச்சையா என்று பார்த்து, கோடு போடவேண்டும். அதற்கு முன், கிளப்பிய மரத்தை இரண்டு மூன்று ஆண்டாவது வேர் பிடிக்க விடவேண்டும். எந்தப் பக்கம் உயிர் மிஞ்சும் என்பதை மரம் அந்தக் காலத்தில்தான் காட்டும். செதுக்கும்போது குறட்டால் நாரை இழுத்துக் கிழித்தால் மரம் தன் போக்கில் பிளந்து வழி காட்டும். கருவி அதைப் பின்தொடர்ந்தால் போதும். கண்காட்சிகளில் ஒரே அளவான குழிகளும் வளைவுகளுமாக நிற்கும் மரங்களைப் பார்த்தால், அங்கே பேசுவது கருவிதான் என்று எனக்குத் தோன்றும்.

இனி வைத்தியராக இரண்டு வார்த்தை. யூ மரத்தில் விதையைச் சுற்றிய சிவப்புச் சதையைத் தவிர எல்லாமே நஞ்சு, தூள் உட்பட. வடிகட்டி பொருத்திய முகக்கவசமும் கண் கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். சுழலும் கருவிக்குத் தொளதொளத்த கையுறை ஆகாது. அது பிடிபட்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். தலைமயிரைப் பாடசாலையில் கட்டியதுபோல் பின்னி மடித்துக் கட்டுங்கள். முடிந்த மரத்துக்குப் பூசும் சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் அழுகலைத் தடுத்து வெண்மை தரும். கூழ்முட்டை நாற்றம் வரும்; வெளியில் வைத்தே பூசுங்கள். அமிலம் எதனோடும் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு எழும்.

என் தோட்டத்தில் இப்போது ஒரு யூ இருக்கிறது. வேலியிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள். கருவி இன்னும் தொடவில்லை. இடப்பக்கக் கிளையின் கோடு எந்த வேருக்குப் போகிறது என்பது பிடிபடவில்லை. சுண்ணக்கட்டியால் போட்ட கோட்டை மழை அழிக்கிறது. நான் மறுபடி தடவிப் பார்த்துப் போடுகிறேன்.