உளவியல் பட்டப் படிப்பைத் திட்டமிடல்

 

25 ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளைப் பள்ளி வாயிலுக்கும் கல்லூரி வாயிலுக்கும் கொண்டு சேர்த்து வந்திருக்கிறது. வாயிலைக் கடந்தபின் உள்ளே எவ்வழியில் நடப்பது என்பது குறித்து நாம் அதிகம் பேசியதில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதனை அண்ணனோ அத்தையோ சொல்லிவிடுகின்றனர். நம் வீடுகளில் சொல்வதற்கு ஆள் இல்லை. அண்மைக் காலமாக நம் மாணவ மாணவியர் சிலர் உளவியல் படிக்க விரும்பி நம்மிடம் வந்து கேட்கின்றனர். ஆதலின் அப்பட்டப் படிப்பை எவ்வாறு திட்டமிடுவது என்பதையே இன்று பேசக் கருதினோம்.

முதலில் நம் பிழை ஒன்றை ஒப்புக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் மேனிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று வந்தார். தந்தையார் செங்கற் சூளைத் தொழிலாளி. "எந்தப் பாடம் எடுக்கலாம் ஐயா?" என்று கேட்டார். "உளவியல் நல்ல பாடம், சேர்ந்துகொள்" என்றோம். அவ்வளவே சொன்னோம். பாடத்திட்டத்தை அவரும் பார்க்கவில்லை, நாமும் கேட்கவில்லை. வரலாற்றுப் பிரிவில் பயின்ற அவர் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர். கல்லூரியில் புள்ளியியல் தாளில் தவறினார். "அரியர் தானே, கடைசியில் எழுதிக்கொள்ளலாம்" என்று நண்பர்கள் தேற்றினர். அந்தத் தாளின் மேல் நிற்பது ஆய்வு முறையியல், அதிலும் தவறினார். மூன்றாண்டு முடிந்தபோது உதவித்தொகை நின்றது. விடுதி அறையைக் காலி செய்தார். கையில் பட்டம் இல்லை. திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய், அங்கிருந்து வந்து வந்து தேர்வெழுதி, ஈராண்டு பிந்திப் பட்டம் பெற்றார். அவர் அறிவில் குறையில்லை. எந்தப் பாடத்தின் மேல் எந்தப் பாடம் நிற்கிறது என்பதைச் சொல்லுவார் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர் நாம்.

இளைஞர்களே, பணமுள்ளவன் ஓராண்டு இழந்தால் அவனுக்கு அது ஓராண்டே. நமக்கு உதவித்தொகையும் விடுதியும் வீட்டாரின் பொறுமையும் படிப்பின் ஆண்டுக் கணக்கோடு கட்டப்பட்டவை. எனவே காலமே நம் முதல். முதலைக் கணக்கிட்டுச் செலவிடுதல் வேண்டும்.

இதற்கு அண்ணல் அம்பேத்கரே நமக்கு வழிகாட்டி. பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையோடு 1913ஆம் ஆண்டு அவர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் மூன்றாண்டு. அக்காலத்தில் அவர் எடுத்த பாடங்களின் பட்டியல் பதிவில் உள்ளது: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தொடக்கநிலைப் பாடம் ஒவ்வொன்று. இப்பட்டியலை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நடுவில் பொருளியல் ஊன்றி நிற்கிறது. சுற்றிலும் அதற்குத் துணை செய்யும் பாடங்கள் நிற்கின்றன. 1916 மே 9ஆம் நாள் மானிடவியல் கருத்தரங்க வகுப்பில் அவர் படித்த கட்டுரையே 'இந்தியாவில் சாதிகள்'. வகுப்புக்காக எழுதிய ஒரு கட்டுரை நூறாண்டு கடந்தும் படிக்கப்படுகிறது. நீங்கள் எடுக்கும் துணைப் பாடம் ஒன்றும் வீணன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அதே கொலம்பியாவில் பிற்காலத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றோர் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பின இணையர். மாமி அம்மையார் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் முதலில் சேர்ந்தது கணிதத்திற்கு. பின்னரே உளவியலுக்கு மாறினார். நிறத்தைத் தவிர வேறு வேறுபாடில்லாத பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று இருவரும் வினவினர். மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 குழந்தைகள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றனர். இழிவு பிஞ்சு உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கிவிடுகிறது என்பது எண்ணிக்கையாய் வெளிப்பட்டது. நிறத்தால் பள்ளிகளைப் பிரித்தல் சட்டத்திற்கு மாறானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பு, கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் சான்றாகச் சுட்டியது. தனிக்குவளை எத்தகைய வலி என்பது நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதன்று. அவ்வலியை எண்ணிக் காட்டி அவையேற்றும் கருவியே புள்ளியியல். அதற்கு அஞ்சி ஓடுவோமாயின் உளவியலின் பாதியை விட்டு ஓடுகிறோம்.

இனித் திட்டமிடும் முறைக்கு வருவோம்.

முதலாவது, முடிவிலிருந்து தொடங்குதல். பட்டத்திற்குப் பின் என்ன ஆக விரும்புகிறீர்கள் என்பதைச் சேரும் முன்னரே எண்ணுங்கள். மனநலத் துறையில் மருத்துவ உளவியலாளர் ஆக விரும்பினால் பொதுவான மூன்றாண்டு இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற பயிற்சிப் படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் பதிதல் வேண்டும். எனவே மூன்றாண்டோடு மேலும் சில ஆண்டுகளைக் கணக்கில் சேருங்கள். ஆசிரியராக விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை: தமிழ்நாட்டில் உளவியல் இளநிலையோடு மட்டும் பி.எட். சேர முடிவதில்லை; முதுநிலையும் கேட்கின்றனர். அவ்வாண்டின் சேர்க்கை விதிகளைப் படித்தறிந்து முடிவு செய்யுங்கள். ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்னும் அரசுத் தேர்வுகளுக்கு இப்பட்டமும் செல்லும்.

இரண்டாவது, ஆறு பருவத்திற்குமான பாடத்திட்டத்தை முதல் வாரத்திலேயே பெறுதல். பருவந்தோறும் கொடுப்பதைப் படிப்போம் என்றிருத்தல் கூடாது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், நான்காம் பகுதி சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் சார்ந்த தாள்கள், ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணி போன்ற விரிவாக்கப் பணி என அமைந்திருக்கும். ஒவ்வொன்றிற்கும் தரப்புள்ளி உண்டு. பல இடங்களில் மொத்தம் 140. முதன்மைப் பாடத்தில் மூழ்கி நான்காம் பகுதிச் சிறு தாள் ஒன்றை மறந்தவர்க்கும் பட்டம் நின்றுபோகும். ஒரே தாளில் ஆறு கட்டம் வரைந்து, எல்லாத் தாள்களையும் அவற்றின் தரப்புள்ளிகளையும் எழுதிப் படிக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். தேறியதும் அடியுங்கள்.

மூன்றாவது, படிவரிசை அறிதல். பொது உளவியல் அடித்தளம். கவனம், புலன்காட்சி, கற்றல், நினைவு, ஊக்கம், மனவெழுச்சி என்பன அதில் வரும். உடலியல் அடிப்படைகளும் வளர்ச்சி உளவியலும் அதன் மேல் எழும். சமூக உளவியல், ஆளுமைக் கோட்பாடுகள், பிறழ்நிலை உளவியல் ஆகியன அவற்றுக்கும் மேலே. மற்றொரு பக்கம் புள்ளியியல், அதன் மேல் ஆய்வு முறையியல், அதன் மேல் இறுதியாண்டுத் திட்டக்கட்டுரை. ஒரு படியில் தவறினால் அடுத்த வாய்ப்பிலேயே எழுதித் தேறுங்கள். விருப்பப் பாடம் தெரிவு செய்யும்போது, நண்பன் எடுத்தான் என்று எடுக்காமல், நீங்கள் முடிவு செய்த வேலைக்கு அது உதவுமா என்று பாருங்கள்.

நான்காவது, சேர்க்கைக்கு முந்தைய கோடையைப் பயன்படுத்துதல். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' என்னும் இயலை மீண்டும் எடுங்கள். திட்ட விலக்கம் அங்கேயே இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போட்டுப் பழகினால் முதலாண்டின் அச்சம் பெரிதும் நீங்கும். வரலாற்றுப் பிரிவினர் இதைத் தவறவே கூடாது.

ஐந்தாவது, மொழி. பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழிப் பிள்ளைகள் கலங்க வேண்டா. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச்சொல், கீழே நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று என எழுதி வாருங்கள். நாம் பி.எட். பயின்றபோது கல்வி உளவியல் தாளை இவ்வாறே கடந்தோம். செய்முறைப் பதிவேட்டையும் அன்றன்றே எழுதிக் கையொப்பம் பெறுங்கள். பருவக் கடைசியில் அலைய நேராது.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் முடித்துக்கொள்ளலாம் என்ற ஆறுதல் முன்னர் இருந்தது. 2025 ஜூலை–ஆகஸ்டு கல்விப் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலை, இணையவழி முறைகளில் நடத்தலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு ஆணையிட்டது. மனநலம் பேணும் படிப்புக்கு நேர்முகப் பயிற்சி வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் ஏழைக்கு இருந்த பின்கதவு அடைபட்டது. முன்கதவில் நுழைந்தவர் இடையில் வெளியேறாதிருத்தல் முன்னிலும் இன்றியமையாததாகிறது.

ஈற்றில் கழகத்திடம் ஒரு விண்ணப்பம். வெள்ளிவிழா நினைவாக ஓர் அலமாரி வையுங்கள். நம் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் பட்டப் படிப்புகள் அனைத்தின் பாடத்திட்டமும் அதில் இருக்கட்டும். ஆண்டுதோறும் ஜூன் மாத ஞாயிறு ஒன்றில், படித்து முடித்த மூத்தோர் புதிதாய்ச் சேரும் பிள்ளைகளோடு அமர்ந்து ஆறு கட்டத் தாளை எழுதித் தரட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு பகற்பொழுது போதும்.

முன்னர்ச் சொன்ன அம்மாணவரிடம், "முதல் ஞாயிற்றுக்கு நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டோம். "எனக்குச் சொல்ல ஆளில்லை ஐயா, அடுத்தவர்க்கு நான் சொல்கிறேன்" என்றார். நாம் செய்யத் தவறியதை அவர் செய்ய முன்வந்திருக்கிறார். அவரோடு நாமும் அமர்வோம்.