அப்பாவைப் பார்க்கப் போன பிள்ளைகள்

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். இன்று கவிதை வேண்டாம். ஒரு பயணத்தைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கிறேன்.

வருடம் 1901. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி, கோரேகானில் காசாளர். பஞ்சத்தில் சாகும் ஜனங்களுக்கு வேலை கொடுக்க அரசாங்கம் அங்கே ஏரி வெட்டியது. பிள்ளைகள் சதாராவில். தாய் இல்லாத பிள்ளைகள். கோடை லீவுக்கு வாங்கடா என்று அப்பா எழுதுகிறார். புதுச்சட்டை, மினுமினுக்கும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுச்செருப்பு. ரயில் ஏறுகிறார்கள்.

மசூர் ஸ்டேஷனில் கூட்டிப்போக ஆள் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் பரிவாகத்தான் விசாரிக்கிறார். மகார் பிள்ளைகள் என்றதும் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்கு ஒத்துக்கொள்கிறார். வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார் என்பது ஏற்பாடு. கூடையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடியில் முஸ்லிம் என்று சொல்லிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பசியோடு படுத்து, மறுநாள்தான் போய்ச் சேர்கிறார்கள். 1990இல் சிறுநூலாக வெளிவந்த ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’வில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை, வேலையாள் கொடுக்க மறந்துவிட்டார். அதனால் வந்த வினைதானே என்று கேட்பார்கள். கடிதம் தவறிய எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வண்டி கிடைக்காமல் போகுமா? தண்ணீர் கிடைக்காமல் போகுமா?

பள்ளியில் தனியாகக் கோணிமேல் உட்கார்ந்த பையன் அவர். தீண்டாமை தெரியாதவர் இல்லை. ஆனால் அதுவரை அதை வழக்கம் என்று எடுத்துக்கொண்டவரை யோசிக்க வைத்தது இந்தப் பயணம்தான். ஏன்? உடம்பில் புதுத்துணி, கையில் காசு, மனசில் அப்பா. மூன்றும் இருந்தும் செல்லுபடியாகவில்லை. காசு வண்டியை வாங்கிக் கொடுத்தது, வண்டிக்காரரின் கையை வாங்கிக் கொடுக்கவில்லை. ஏரி வெட்டும் இடத்தில் கணக்கு எழுதுகிறவரின் பிள்ளைகளுக்கு வழியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இதைவிட சாதிக்கு விளக்கம் வேண்டுமா?

எங்கம்மா சென்னையில் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்த்தாங்க. மாசத்தில் ஒரு சனிக்கிழமை அப்பாவோடு நானும் தங்கச்சியும் பஸ் ஏறுவோம். ஞாயிறு காலையில் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அம்மாவைப் பார்ப்போம். நடுவில் உள்ளேயிருந்து குரல் வரும், எழுந்து போவாங்க. ஒரு மணி நேரப் பேச்சில் பாதி அந்தக் குரலுக்குப் போகும். தாகம்னு கேட்டால் பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணி வரும். “பாட்டிலைத் திருப்பித் தர வேணாம், எடுத்துட்டுப் போங்க.” தங்கச்சிக்கு அது பரிசு. அப்பா மட்டும் குடிக்க மாட்டார். 1901இல் தண்ணீர் இல்லை என்றார்கள். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நூறு வருஷ முன்னேற்றம் அந்தப் பாட்டில்தான்.

இன்று வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் வந்ததும் ஊருக்குப் பணம் போட வருகிறவர்களைப் பார்க்கிறேன். காசு கண்மூடித் திறப்பதற்குள் போய்ச் சேருகிறது. அனுப்புகிற ஆளுக்கு ஒருநாள் லீவு இல்லை. பிள்ளை முகம் பார்க்க முதலாளி மனசு வைக்கணும்.

தோழர்களே, இது பாசப் பிரச்சினை மட்டுமல்ல, உரிமைப் பிரச்சினை. எட்டு மணி நேர வேலைக்காக 1942 முதல் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்து பாடுபட்டவர், மசூரில் இறங்கிய அதே பையன்தான். வீட்டு வேலையாளுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு என்கிறது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 189. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி தரவில்லை. சங்கம் வைக்கிறவர்கள் கூலியோடு இந்த 24 மணி நேரத்தையும் கேளுங்கள்.

ஹாஸ்டல் மாணவர்களுக்கு ஒன்று. செங்கல் சூளையில், திருப்பூரில், அடுத்தவர் சமையலறையில் இருக்கிற அப்பா அம்மாவைப் பார்க்கப் போன கதை உங்களிடம் இருக்கிறது. ‘வெளியூர்ல வேலை’ என்று சொல்லி முடிக்காதீர்கள். எந்த வாசலில் நிற்க வைத்தார்கள், எதில் தண்ணீர் கொடுத்தார்கள், எழுதுங்கள். கூச்சப்பட வேண்டியது நாம் இல்லை.